காளானுக்கு விதை எது? (வைக்கோல் படுக்கை கெட்டுப்போன கதையும் ஒரு சந்தேகமும்)

#1 குடமுருட்டிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். மாடுகளை விற்ற பிறகு கொட்டில் சும்மா கிடந்தது. சரி, வைக்கோல் காளான் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு பண்ணையில் ஆறு பாக்கெட் விதை வாங்கினேன். "குளிர்ச்சியா வைங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். வைக்கோல் வந்து சேர நாலு நாள் ஆகிவிட்டது. அதுவரை விதையை ஃபிரிட்ஜில், தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அப்புறம் புரி திரித்து, ஊறவைத்து, அடுக்கடுக்காக வைத்து விதையும் கடலை மாவும் தூவி, மேலே பாலித்தீன் போர்த்தினேன். எதிலும் குறை வைக்கவில்லை.

பதினைந்து நாள் ஆகியும் ஒரு மொட்டுகூட இல்லை. இருபதாம் நாள் காலையில் மெலிசாகச் சாம்பல் நிறக் குடைகள் நாலைந்து நின்றன. மத்தியானம் போய்ப் பார்த்தால் குடை இல்லை, கறுப்பு மை மாதிரி வைக்கோலில் ஒழுகிக் கிடக்கிறது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கொல்லையில் மாமனார் காலத்து வைக்கோல் போரின் அடியில், யாரும் எதுவும் போடாமல், போன வார மழைக்கு முட்டை முட்டையாக வைக்கோல் காளான் வந்திருக்கிறது. "இடி இடிச்சா தானா வரும், பாக்கெட்டுக்கெல்லாம் வராது" என்கிறார் மாமியார். ப்ளஸ் ஒன் படிக்கிற மகனோ, "அம்மா, காளானுக்கு விதையே கிடையாது, ஸ்போர்தான்" என்கிறான். அப்படியானால் நான் காசு கொடுத்து வாங்கியது என்ன?

#2 அரைவேலிக்காரன்

பாக்கெட் என்ன விலை என்று கேட்கமாட்டேன், வெந்த புண்ணில் வேல் பாய்ச்சின மாதிரி ஆகிவிடும். வைக்கோல் கை அறுப்பா, மிஷின் அறுப்பா? மிஷினில் போனது நசுங்கித் துண்டு துண்டாக இருக்கும், புரி திரிக்க வராதே.

#3 குடமுருட்டிக்கரை

கை அறுப்புதான் அண்ணே. அதைத் தேடித்தான் நாலு நாள் போனது. இப்போது எங்கே போனாலும் மிஷின், அப்புறம் உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

#4 சிப்பிக்கொட்டகை

அக்கா, வைக்கோல் மேல் பழி போடாதீர்கள். ஃபிரிட்ஜ்தான் கெடுத்திருக்கிறது.

நான் தஞ்சாவூர் பக்கம் ஒன்பது வருஷமாகச் சிப்பிக் காளானும் பால் காளானும் போடுகிறேன். சிப்பி விதையை ஃபிரிட்ஜில் வைத்தால் தூங்கும், வெளியே எடுத்தால் எழுந்துகொள்ளும். வைக்கோல் காளான் அப்படி இல்லை. அது 30, 35 டிகிரி வெக்கையில் வளர்கிற இனம். 4 டிகிரியில் வைத்தால் தூங்காது, செத்தே போகும். அறுத்த காளானைக்கூட ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள், மறுநாள் தண்ணீர் விட்டுக் கொழகொழவென்று கிடக்கும். "குளிர்ச்சியா" என்று உங்களிடம் சொன்னவர் சிப்பியை நினைத்துக்கொண்டு சொல்லியிருப்பார்.

உருகிப்போனது மைக்காளான். உங்கள் காளான் படுக்கையைப் பிடித்திருந்தால் அதற்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது. கொட்டில் காலியாகக் கிடந்தால் தெருநாய் வந்து படுப்பதில்லையா, அந்தக் கதைதான்.

பாக்கெட்டில் இருப்பதை விதை என்று நாங்களும்தான் சொல்கிறோம். ஆனால் அது விதை இல்லை. வேகவைத்த சோளத்தின் மேல் காளானின் இழையை வளரவிட்டது, அவ்வளவுதான். நெல் விதைப்பதோடு ஒப்பிடாதீர்கள். வாழைக்கட்டை நடுகிறோமே, அதற்குத்தான் கிட்டே வரும். விதையை எப்படி வேண்டுமானாலும் பத்திரப்படுத்தலாம் என்று நினைப்போம். உயிரோடு தின்றுகொண்டு மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிற ஒன்றைத் தயிருக்குப் பக்கத்தில் வைப்போமா?

இன்னொன்று. அடுத்த முறை வாங்கும்போது இழைக்கு நடுவே செம்பழுப்பாகத் திட்டுத்திட்டாக இருந்தால் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். வைக்கோல் காளானில் அது நல்ல அறிகுறி. ஏன் என்று சாக்பீஸ் சார் வந்து சொல்லட்டும்.

#5 சாக்பீஸ்தூள்

அழைத்தமைக்கு நன்றி. கும்பகோணத்தில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். (தாவரவியல் வகுப்பில் பூஞ்சையை நடத்துவதே ஒரு வேடிக்கை. அது தாவரம் இல்லை. பச்சையம் கிடையாது. செல்சுவரில் செல்லுலோஸ் கிடையாது, கைட்டின் இருக்கிறது. நாகப்பட்டினம் இறால் ஓட்டில் இருக்கிறதே, அதே கைட்டின். உணவைச் சேமிப்பதும் மாவுச்சத்தாக இல்லை, நம் ஈரலில் இருப்பது போலக் கிளைக்கோஜனாக. உறவுமுறை பார்த்தால் நெல்லைவிட நமக்குத்தான் நெருக்கம்.)

அம்மா, கொல்லையில் வந்த முட்டைகளில் ஒன்றை எடுத்து, பிளேடால் நெட்டுக்குத்தாக இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெளியே தடித்த ஒரு உறை, மேல்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் வெள்ளை. அதற்குள் மடக்கி வைத்த குடை, குடைக்கு அடியில் ஏடு ஏடாகச் செதில்கள், நடுவில் குட்டைக் காம்பு. முழுக்காளானும் உள்ளே தயாராக இருக்கும். மழை வந்ததும் புதிதாக ஒன்றும் கட்டப்படுவதில்லை. இருக்கிற செல்கள் தண்ணீரைக் குடித்து நீளும், ஊறவைத்த கொண்டைக்கடலை போல. உறை கிழிந்து காம்பின் அடியில் கிண்ணமாக நிற்கும். ராத்திரியோடு ராத்திரியாக முளைத்தது என்று நாம் சொல்வது, பல நாள் சமைத்து மூடி வைத்த அண்டாவைத் திறந்ததைத்தான்.

சமைத்தது யார்? வைக்கோலுக்குள் இருக்கிற இழைகள். ஒரு இழைக்கு ஹைஃபா என்று பெயர். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். நுனியில் மட்டுமே நீளும், கிளைக்கும், பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னல்தான் மைசீலியம். இழைக்குள் குறுக்குச் சுவர்கள் உண்டு, ஆனால் சுவரின் நடுவே துளையும் உண்டு. கூட்டுக்குடும்பத்து வீட்டில் அறைகளுக்கு நடுவே கதவைச் சாத்தாமல் விட்ட மாதிரி, உள்ளே இருப்பது நகர்ந்துகொண்டே இருக்கும். பழைய ரொட்டியில் வரும் ரைசோபஸுக்கு அந்தச் சுவரும் அநேகமாகக் கிடையாது, நெடுக ஒரே கூடம். நாம் வாயில் போட்டு வயிற்றில் செரிக்கிறோம். இழை வெளியிலேயே நொதியைக் கக்கி, வைக்கோலைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சும். வைக்கோல் காளானுக்குச் செல்லுலோஸைக் கரைக்கும் கைவரிசை நன்றாக உண்டு, லிக்னினில் அது கெட்டிக்காரன் இல்லை. சிப்பிக்கு இரண்டும் வரும்.

ஆக, நாம் பறித்துக் குழம்பு வைப்பது மாமரத்தில் மாம்பழம் மாதிரி. மரம் வைக்கோலுக்குள் இருக்கிறது.

இனப்பெருக்கத்துக்கு வருவோம். செதிலின் மேல் தடி போன்ற நுண்ணிய செல்கள் வரிசையாக நிற்கும், பசிடியம் என்று பெயர். ஒவ்வொன்றின் தலையிலும் நாலு முனை, முனைக்கு ஒரு ஸ்போர். ஸ்போரின் அடியில் ஒரு நுண்துளி நீர் திரளும். அது ஸ்போரின் மேலிருக்கும் ஈரப்படலத்தோடு சேரும் கணத்தில் ஸ்போர் எகிறும். எகிறி எதிர்ச் செதிலில் மோதிக்கொள்ளாது. இரண்டு செதிலுக்கும் நடுவே நின்று, நேர் கீழே விழுந்து, அப்புறம் காற்றோடு போய்விடும். ஒரு காளானிலிருந்து இப்படிக் கோடிக்கணக்கில். தம்பி சொன்னது சரி, அது விதை இல்லை. விதைக்குள் கரு உண்டு, கட்டுச்சோறு உண்டு. ஸ்போர் பெரும்பாலும் ஒற்றைச் செல், கையில் சோறு கிடையாது. அதனால்தான் அத்தனை கோடி தேவைப்படுகிறது.

பெரும்பாலான காளான்களில் ஒரு ஸ்போரிலிருந்து வரும் இழை தனியாகக் காளான் தராது. பொருத்தமான இன்னொரு இழையைச் சந்திக்க வேண்டும். சந்தித்தால் செல்கள் சேரும், ஆனால் உட்கருக்கள் சேராது. ஒரே செல்லில் இரண்டு உட்கருக்கள் மாதக்கணக்கில், சிலவற்றில் வருடக்கணக்கில், ஒட்டாமல் குடித்தனம் நடத்தும். பசிடியத்துக்குள் வந்துதான் இணையும், உடனே குன்றல் பிரிவு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவு) நடந்து நாலு ஸ்போர். வைக்கோல் காளான் இதிலும் தனி. ஒற்றை ஸ்போரிலிருந்து வந்த இழையே பல நேரம் காளான் வைத்துவிடும். சிப்பியின் இழையில் செல்லுக்குச் செல் கொக்கி மாதிரி வளைந்து நிற்கும் பிடியுறுப்பு இணைப்பும் இதில் கிடையாது.

இனி அந்தச் செம்பழுப்புத் திட்டு. இழையில் சில செல்கள் தடித்த சுவர் கட்டி உருண்டுகொள்ளும். அவை கிளமிடோஸ்போர்கள். கலவி இல்லாமல் உண்டாகிற, பஞ்ச காலத்தைத் தாண்டுவதற்கான மூட்டை. உங்கள் மாமனார் போரின் அடியில் இழையும் இந்த மூட்டைகளும் ஏற்கனவே இருந்திருக்கும். காற்றில் வந்த ஸ்போரும் சேர்ந்திருக்கலாம். ஈரமும், போருக்குள் தானாகவே உண்டாகும் சூடும் கிடைத்ததும் எழுந்துகொண்டது. யாரும் போடாமல் வந்தது என்பது நாம் பார்க்கவில்லை என்பதுதான்.

இடி விஷயத்தில் மாமியாரை முழுதாகத் தள்ளிவிடாதீர்கள். ஜப்பானில் ஷிடாகே காளான் வளர்க்கும் மரக்கட்டைகளில் மின்னலைப் போல உயர் மின்னழுத்தத்தைப் பாய்ச்சி மகசூல் கூடியதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் கொல்லையில் நடந்ததற்கு மழையே போதும்.

#6 காரைக்கால்_காற்று

சார், எங்கள் ஊர்க் கள்ளில் நுரைக்கிறதே, அதுவும் பூஞ்சை என்கிறார்கள். அதில் இழையையும் காணோம், குடையையும் காணோம். ஏமாற்றுகிறார்களா?

#7 சாக்பீஸ்தூள்

ஏமாற்று இல்லை, ஈஸ்ட். இழையைக் கைவிட்டுத் தனிச் செல்லாக வாழ்கிற பூஞ்சை. உடம்பில் ஒரு மொக்கு விட்டு, அது பெருத்து, பிரிந்து போகும். பிரிந்த இடத்தில் தாய்மேல் தழும்பு நிற்கும். சாப்பாடு தீர்ந்தால் வேறு வழி எடுக்கும். செல்லே ஒரு பையாகி, உள்ளே நாலு வித்துகளை, அதாவது ஸ்போர்களை, வைக்கும். இட்லி மாவு பொங்குவதும் இதனால்தான் என்று யாரும் கிளம்பாதீர்கள், அங்கே பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை.

#8 அரைவேலிக்காரன்

கள் முடிந்ததா, வயலுக்கு வருவோமா? போன மார்கழியில் சம்பாவில் எனக்கு நெற்பழ நோய் வந்தது. கதிருக்கு மூன்று நாலு மணி, மஞ்சளாக, பட்டு மாதிரி உருண்டை. கைலியில் பட்டால் மஞ்சள் தூள். ஒரு வாரத்தில் கரும்பச்சை ஆகிவிட்டது. கடையில் கேட்டு மருந்து வாங்கி ஒன்றுக்கு இரண்டு தடவை அடித்தேன். ஒரு உருண்டைகூடக் குறையவில்லை. பக்கத்து வயல்காரர், "விடு, லட்சுமி வந்திருக்கா, விளைச்சல் நல்லா இருக்கும்" என்றார். லட்சுமி வந்தாள், மருந்துக்கடைக்குப் போய்விட்டாள்.

#9 வயல்வரப்பு_டிகிரி

அண்ணே, இங்கேயும் பெயர்தான் ஆளைக் கவிழ்க்கிறது. பழம் என்றதும் நெல்மணி பழுத்துவிட்டது என்று நினைக்கிறோம். மணியே அங்கே உண்டாகவில்லை. கதிர் பொதிக்குள் இருக்கும்போதே பூஞ்சை பூவுக்குள் நுழைந்து, மகரந்தத்தாள்களின் காம்பைப் பிடித்துக்கொள்கிறது. பூ திறப்பதே இல்லை. பூ இருந்த இடத்தைப் பூஞ்சையின் இழை அடைத்துக்கொண்டு உமியைப் பிளந்து வெளியே வரும். அந்த மஞ்சள் தூள் முழுக்க கிளமிடோஸ்போர். நீங்கள் மருந்து அடித்த நாளில் அதன் வேலை முடிந்து, கடையைக் கட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி இலைப் பருவத்தில் (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) ஒரு தடவை, பாதிப் பூ வந்ததும் ஒரு தடவை. அதற்குப் பிறகு அடிப்பது உருண்டையைக் குளிப்பாட்டுவதுதான். தழைச்சத்தைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பார்த்தால் கரிப்பூட்டை (மணியைக் கரித்தூளாக்கும் பூஞ்சை நோய்) மாதிரி இருப்பதால் அந்தக் கூட்டத்தில்தான் முதலில் சேர்த்தார்கள். குக் என்ற ஆங்கிலேயர் 1878இல் இதை முதன்முதலில் விவரித்து எழுதியதே நம் திருநெல்வேலியிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்துத்தான். பிறகுதான் இது கரிப்பூட்டைக்கு உறவே இல்லை, பைக்குள் வித்து வைக்கும் பைப்பூஞ்சை வகை என்று தெரிந்தது. சில உருண்டைகளின் மேல் கடைசியில் கறுப்பாகக் கெட்டியான கட்டிகள் வரும். அவை மண்ணில் விழுந்து கிடந்து, பிறகு குட்டிக் காம்பும் தலையுமாக முளைத்து, அதற்குள் பைகளில் பாலின வித்துகளை வைக்கும். ஒரே உருண்டையில் கலவி இல்லாத வழிக்கு மஞ்சள் தூள், கலவி வழிக்குக் கறுப்புக் கட்டி.

லட்சுமி விஷயத்தில் பக்கத்து வயல்காரர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஈரமும் உரமும் நன்றாக அமைந்து பயிர் செழித்த வருஷம்தான் இதற்கும் வசதி. லட்சுமியால் நெற்பழம் வரவில்லை, இரண்டும் ஒரே வண்டியில் வருகின்றன.

#10 அரைவேலிக்காரன்

இதைக் கடைக்காரர் அன்றைக்கே சொல்லியிருந்தால்... சரி விடுங்கள். நெல்லில் வரும் குலை நோய்க்கும் இதே கணக்கா? அது பனியால் வருவது என்றுதான் அப்பா சொல்வார்.

#11 வயல்வரப்பு_டிகிரி

பனி கதவைத் திறந்துவிடும், உள்ளே வருவது வேறு ஆள், ஒரு பூஞ்சை. இந்தியாவில் இந்த நோயை முதலில் பதிவு செய்ததே 1913இல், நம் தஞ்சாவூர்ப் பக்கம்தான். 1919இல் டெல்டாவையே அடித்துப் போட்டது. மார்கழி, தையில் ராத்திரி குளிர்ந்து, இலையில் பனி விடியும்வரை நிற்கிறதே, அந்த ஈரம் அதற்கு வேண்டும்.

இதன் வித்துக்குக் கொனிடியம் என்று பெயர். பேரிக்காய் வடிவம், மூன்று செல். (சார் "பெரும்பாலும்" ஒற்றைச் செல் என்று ஜாக்கிரதையாகச் சொன்னதைக் கவனித்தேன்.) நுனியில் பசை இருக்கும். இலையில் விழுந்ததும் ஒட்டிக்கொண்டு ஒரு குழாய் விட்டு, அதன் முனையில் குமிழ் மாதிரி ஒன்றைக் கட்டும். குமிழின் சுவரில் மெலனின் பூச்சு, நம் முடியைக் கறுப்பாக்குகிற அதே இன நிறமி. அந்தப் பூச்சு உள்ளே சேர்ந்த கரைபொருளை வெளியே விடாது, தண்ணீரை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏறி ஏறி 80 பார்வரை போகும். கார் டயரில் இருப்பதைப்போல முப்பது மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் அடியிலிருந்து ஒரு ஆணியை இறக்கி இலைத்தோலைக் குத்தித் துளைக்கும்.

நீங்கள் அடிக்கிற டிரைசைக்கிளசோல் பூஞ்சையை நேராகக் கொல்கிற மருந்து இல்லை. மெலனின் உண்டாவதைத் தடுக்கும். பூச்சு இல்லாத குமிழில் அழுத்தம் நிற்காது, ஆணி இறங்காது, வித்து இலைமேலேயே காய்ந்து போகும். ஏற்கனவே உள்ளே இறங்கிவிட்டதை அது ஒன்றும் செய்யாது. கண் மாதிரிப் புள்ளிகள் இலை முழுக்க வந்த பிறகு அடித்துவிட்டு "மருந்து டூப்ளிகேட்" என்று திட்டுவது இதனால்தான். (சில நேரம் மருந்தும் டூப்ளிகேட்டாக இருக்கலாம், அது தனிக் கதை.)

கலவி? இதற்கும் இரண்டு வகை இழை சேர வேண்டும். ஆய்வகத்தில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், வயலில் பார்ப்பது அபூர்வம். நம் வயலில் ஒவ்வொரு புள்ளியும் ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் கொனிடியங்களை விடுகிறது, எல்லாம் கலவி இல்லாமல், அச்சு எடுத்த மாதிரி.

#12 சிப்பிக்கொட்டகை

டிரைக்கோடெர்மா என்கிற பூஞ்சை பற்றியும் ஒரு வார்த்தை. வயலுக்கு எருவோடு அதைக் கலக்கிவிட்டு அதே கையோடு காளான் கொட்டகைக்குள் வராதீர்கள். வயலில் அது நண்பன், மற்றப் பூஞ்சையின் கைட்டின் சுவரைக் கரைத்துத் தின்னும். கொட்டகையிலும் அதையேதான் செய்யும், ஆனால் தின்பது நம் காளானை. நான் ஒரு தடவை நாற்பது பையைப் பச்சையாகப் பார்த்துவிட்டேன். அந்தப் பச்சை நிறம் அதன் கொனிடியங்கள்.

சிப்பிக் கொட்டகையில் முகக்கவசம் இல்லாமல் நுழையாதீர்கள். சார் சொன்ன கோடிக்கணக்கான ஸ்போர் எங்கே போகும்? நெஞ்சுக்குள் போகும். முதல் இரண்டு வருஷம் காலை இருமலுக்குப் பனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். குடையின் ஓரம் மேலே திரும்புவதற்கு முன்பே அறுத்துவிட்டால் தூள் குறையும்.

#13 குடமுருட்டிக்கரை

வணக்கம், நான் மகன், அம்மாவின் கணக்கிலிருந்து எழுதுகிறேன். கொல்லைக் காளானில் விரிந்த ஒன்றின் குடையை மட்டும் வெட்டி, பாதி வெள்ளை பாதி கறுப்புக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே சில்வர் டம்ளரைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் தூக்கினால், நடுவிலிருந்து ஓரம்வரை கோடு கோடாக, சக்கரத்து ஆரம் மாதிரி, செங்கல் பொடியில் கொஞ்சம் ரோஸ் கலந்த நிறம். விரலால் தொட்டால் மாவைவிட மெலிசு. திறக்காத முட்டையை வெட்டி வைத்ததில் ஒன்றும் விழவில்லை. படுக்கையில் வந்த மைக்காளானையும் ஒன்று வைத்தேன், அது கறுப்பாக ஒழுகிக் காகிதமே நாசம்.

சார், இந்த நிறத்தைப் பார்த்துத் தின்னலாமா வேண்டாமா என்று சொல்லலாமா? வெள்ளிக் காசு போட்டுக் கொதிக்க வைத்து, காசு கறுத்தால் விஷம் என்கிறார் ஆத்தா.

#14 சாக்பீஸ்தூள்

அருமை தம்பி. காகிதத்தைத் தேதி எழுதி எடுத்து வை.

காசு முறை சுத்தப் பொய். கொடிய நஞ்சுள்ள காளானிலும் காசு பளபளவென்றே இருக்கும். நிறம் மட்டும் வைத்தும் தின்னலாம் என்று சொல்ல முடியாது, ஆனால் தின்னக் கூடாததை ஒதுக்க உதவும். நம் பக்கம் மழைக்குப் புல்தரையில் பெரிய வெள்ளைக் குடைகள் வருமே, அதில் ஒரு வகை பச்சையாகத் தூள் விடும். குளோரோபில்லம், தின்றால் வாந்தி பேதி நிச்சயம். அமெரிக்காவுக்குக் குடியேறிய ஆசியர்கள் சிலர், ஊரில் தின்ற வைக்கோல் காளான் மொட்டு என்று நினைத்து அமானிட்டா என்ற நச்சுக் காளான் வகையின் மொட்டைச் சமைத்துத் தின்று இறந்தே போயிருக்கிறார்கள். அதற்கும் இதே மாதிரி உறை, இதே முட்டை. ஆனால் அதன் தூள் வெள்ளை, இது ரோஸ். முட்டையாக இருக்கும்போது தூளே விழாது என்பதை நீயே கண்டுபிடித்துவிட்டாய், ஆபத்தும் அங்கேதான். தெரியாத இடத்து முட்டையைத் தொடாதே.

#15 குடமுருட்டிக்கரை

மறுபடி நான், அம்மா. புது விதை வாங்கி வந்தேன், திட்டுத்திட்டாகச் செம்பழுப்பு இருந்ததையே பார்த்து எடுத்தேன். ஃபிரிட்ஜ் பக்கமே போகவில்லை. வந்த அன்றைக்கே படுக்கை போட்டாயிற்று. இன்று ஒன்பதாம் நாள். பாலித்தீனைத் தூக்கிப் பார்த்தால் வைக்கோல் புரியின் இடுக்கில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளையாக ஏழெட்டுப் புள்ளி. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நேத்து ராத்திரி இடி இடிச்சுதுல்ல" என்றார்.

#16 அரைவேலிக்காரன்

ஒரு கிலோவுக்கு இப்போதே துண்டு போட்டுவிட்டேன். தை அறுப்பில் வரப்போரம் நாலு கட்டு கையால் அறுத்து வைக்கிறேன், வண்டி மட்டும் உங்கள் பொறுப்பு.